அப்பாவின் காலும் கமிட்டியின் அருளும்

என் அப்பாவைத் தீ சுடாது என்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையில் ஒரு காலத்தில் பாதிப் பேர் நம்பினார்கள். மீதிப் பேர் நம்புவதுபோல் நடித்தார்கள். இதில் எந்தக் கூட்டம் மோசம் என்று கேட்டால் இரண்டாவதுதான் என்பேன். முதல் கூட்டத்துக்கு மூளை கிடையாது, அதற்கு யாரை நோவது? இரண்டாவது கூட்டம் மூளையை வைத்துக்கொண்டே அதை வாடகைக்கு விட்டிருந்தது.

அப்பா நெய்யாற்றின்கரைக் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்தார். ஊரில் அதைவிட மரியாதை கெட்ட வேலை இருந்திருக்க முடியாது. அவர் வருவது தெரிந்தால் வீட்டுக்காரர் பின்வாசல் வழியாக வாழைக்குள் இறங்கிவிடுவார். பெண்டாட்டி வாசலில் நின்று "ஆளு இல்ல" என்பாள். சில வீடுகளில் நாயை அவிழ்த்துவிடுவார்கள். பொழியூர்க் கடற்கரை முதல் கொல்லயில் என்ற ஊரின் மேடு வரை நடந்து திரிந்த அந்த மனிதருக்கு எவரும் குடிக்க ஒரு கிளாஸ் வெள்ளம் கொடுத்து உட்காரச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து அந்த எரிச்சலை எங்கள்மேல் காட்டுவார். அம்மா வாயே திறக்க மாட்டாள். மகள் நான் திறப்பேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவருடைய கால் எரிய ஆரம்பித்தது. உள்ளங்காலில் தொடங்கிக் கணுக்கால்வரை ஏறியது. படுத்தால் போர்வை உரசுவதைக்கூடத் தாங்க மாட்டார். அம்மா மருதாணி அரைத்துப் பற்றுப் போட்டாள், விளக்கெண்ணெய் தேய்த்தாள். நடந்து நடந்து வந்த சூடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். இரத்தம் பரிசோதிக்கலாம் என்று நான் சொன்னபோது, "சுகரு பணக்காரனுக்கு வாற தீனமாக்கும். நமக்கு என்னத்துக்கு?" என்றார். நாளுக்கு எத்தனை சாயா குடித்தாலும் தாகம் தீராமல் குடத்தைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் ஒருவர் சொன்ன பதில் இது. பிறகு கொல்லயில் பக்கத்து முருகன் கோயிலில் நேர்ச்சை நேர்ந்தார். எரிச்சல் தீர்ந்தால் தைப்பூசத்துக்கு அக்கினிக் காவடி எடுத்துத் தீயில் இறங்குவதாக நேர்ச்சை. ஆண்டு திரும்பும் முன்னே எரிச்சல் நின்றது. அப்பாவுக்கு முருகன், அம்மாவுக்கு நிம்மதி.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நான் அப்போது பாறசாலையில் ஒரு டூட்டோரியல் காலேஜில் விலங்கியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிரீடிகிரியில் தோற்றவர்களும், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களும் வந்து உட்காரும் ஓலைக் கொட்டகை அது. நரம்புப் பாடம் வந்தால் படத்தை மட்டும் போர்டில் வரைந்தால் போதும், பரீட்சைக்கு அதுதான் வரும் என்பார்கள் பிள்ளைகள். எனக்கோ அந்தப் பாடத்தின்மேல் தனி ஆசை.

காலின் பெருவிரல் நுனியிலிருந்து முதுகெலும்பு வரை போகும் நரம்பிழை ஒரே ஒரு செல்லின் நீட்டிய கை. செல்லின் உடம்பு முதுகெலும்பின் ஓரத்தில் கிடக்கும். கை மட்டும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அந்தச் செல் சும்மா இருக்கும்போதுகூடச் சும்மா இருப்பதில்லை. சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொண்டும், சவ்வுக்கு உள்ளும் வெளியும் மின்னில் ஓர் ஏற்றத்தாழ்வைக் காத்தபடியே இருக்கும். விரலில் சூடு பட்டால் சவ்விலுள்ள நுண்ணிய கதவுகள் திறக்கும். வெளியில் முண்டிக்கொண்டு நிற்கும் சோடியம் உள்ளே பாயும். அந்த இடத்தில் மின்நிலை தலைகீழாகும். அது பக்கத்துக் கதவுகளைத் திறக்கும், அங்கேயும் சோடியம் பாயும், அது அடுத்ததைத் திறக்கும். பின்னாலேயே பொட்டாசியம் வெளியேறிப் பழைய நிலையை மீட்டுவிடும். ஒவ்வோர் இடத்திலும் புதிதாகப் பிறந்து பிறந்து போவதால்தான், விரலில் கிளம்பிய சேதி முதுகுவரை கொஞ்சமும் தேயாமல் போய்ச் சேர்கிறது. பெரிய சூட்டுக்குப் பெரிய சேதி, சின்னச் சூட்டுக்குச் சின்னச் சேதி என்றெல்லாம் கிடையாது. சேதி ஒன்றுதான்; சூடு கூடினால் அடுக்கடுக்காக வரும். முதுகுத்தண்டில் போய் இழை முடியும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி. அங்கே ஒரு வேதிப்பொருள் கசிந்து அடுத்த செல்லைத் தட்டி எழுப்பும். மூளைக்கு விஷயம் தெரியும் முன்பே, காலை இழு என்று முதுகுத்தண்டு உத்தரவு போட்டுவிடும்.

நரம்பைக் கரண்டுக் கம்பி என்று சொல்பவர்கள் மறந்துவிடுவது ஒன்று உண்டு. கம்பி உயிரில்லாத பொருள், நரம்புக்குச் சோறு வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடிக் கிடந்தால் இழையும் கெடும், அதற்குச் சோறு கொண்டுபோகும் மெல்லிய இரத்தக் குழாய்களும் கெடும். நீளமான இழையின் கடைசி நுனிக்குத்தான் முதல் பட்டினி. பட்டினி கிடக்கும் இழை முதலில் பொய் சொல்லும். தீயே இல்லாமல் தீ, தீ என்று சேதி அனுப்பும். பிறகு சாகும். செத்தது எதையும் அனுப்பாது. அப்பாவின் எரிச்சல் நின்ற ஆண்டில் நடந்தது இவ்வளவுதான். இதற்குத்தான் முருகனுக்கு நன்றி சொல்லக் காவடி கட்டினார்.

எங்கள் பக்கம் தீக்குழியை ஆழி என்போம். பலா விறகும் புளி விறகும் காலையிலிருந்து எரிந்து கனலாகி, சாயங்காலம் தட்டிப் பரப்பி வைத்திருப்பார்கள். காவடிக்காரர்கள் ஆழியில் இறங்கி ஓடுவார்கள். ஓடுவதில் கேவலம் ஒன்றுமில்லை. கால் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்பா ஓடவில்லை. கல்யாணப் பந்தலுக்குள் நுழைகிற மாப்பிள்ளைவீட்டுக்காரர் மாதிரி நிதானமாக, இருபக்கமும் பார்த்துக்கொண்டு நடந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. கூட்டம் கத்தியது. மைக்கில் கோயில் கமிட்டி பிரசிடண்டின் குரல் உடைந்தது: "பாத்துக்கோங்கோ! இதாக்கும் பக்தி! இதாக்கும் அருளு!"

அந்தப் பிரசிடண்ட் யார் என்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த டூட்டோரியல் காலேஜின் முதலாளியும் பிரின்சிப்பாலும் அவர்தான். விலங்கியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். நரம்புப் பாடத்தை அவரைப்போல் எடுக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது என்பதைப் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறேன். காலையில் சுண்ணாம்புக் கட்டியோடு சோடியத்தைப் பற்றி உருகுவார். மாலையில் பட்டு நேரியலைப் போர்த்திக்கொண்டு அருளைப் பற்றி உருகுவார். இரண்டிலும் ஒரே குரல்.

மறுநாள் அப்பாவின் உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அம்மா தேங்காயெண்ணெய் தடவ உட்கார்ந்தபோது அவர் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். வலிக்கிறதா என்றதற்கு, "எங்க வலிக்குது? பிரசாதமாக்கும் இது" என்றார். கொப்புளத்தைப் பிரசாதம் என்று சொன்ன ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

அதோடு ஊர் மாறிப்போனது. அவர் போகும் வீடுகளில் நாற்காலி வந்தது, நாற்காலிக்குப் பின்னால் சாயா வந்தது, அதில் இரண்டு கரண்டி சீனி. நாயை அவிழ்த்துவிட்ட வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நெற்றியில் திருநீறு பூசச் சொன்னார். சம்மன் வாங்க மறுத்தவர்களெல்லாம் விபூதி வாங்க வந்தார்கள். அப்பா முதுகை நிமிர்த்தி நடக்கக் கற்றுக்கொண்டார். அவர் மகிழ்ச்சியாக இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை, அதனால் சில காலம் நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பேப்பர் விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இருந்தது. இன்னொரு செருப்பு முற்றத்தில் பாதி வழியில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. சேலையிலிருந்து ஊக்கை எடுத்து, அவர் பேப்பரை இறக்கும் முன் உள்ளங்காலில் குத்தினேன். இரத்தம் பொட்டாக வந்தது. அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"அப்பா, இஞ்ச பாருங்க. குத்தியிருக்கேன். ஒண்ணும் தெரியேல்லியா?"

இரத்தத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அருளு உள்ள காலில ஊசி நோவுமா பிள்ளே?"

ஒரு மணி நேரம் பேசினேன். சோடியம், சர்க்கரை, பட்டினி கிடக்கும் நுனி, எல்லாம் சொன்னேன். போர்டு இல்லாததால் முற்றத்து மணலில் படம்கூட வரைந்தேன். ஒன்றும் ஏறவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை கோயிலில் பிரின்சிப்பால் மைக்கைப் பிடித்து, இந்தப் பக்தனின் மகள் சயன்ஸ் டீச்சர், அவளே ஊசியால் குத்திச் சோதித்துத் தோற்றுப்போனாள் என்று அறிவித்தார். அதன் பிறகு பஸ்ஸில் முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கியவதியாக்கும் நீ" என்றார்கள். கையை உதறிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறேன்.

கெஞ்சியும் திட்டியும் ஒருவழியாக அவரை மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் வயதானவர், கைராசிக்காரர் என்று பெயர். இரத்தம் எடுத்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டுத்தொட்டுக் கேட்டார். முட்டுக்குக் கீழே எங்கு தொட்டாலும் அப்பா பேசாமல் இருந்தார். "உமக்குப் பல வருஷமாச் சுகரு உண்டு. காலில உணர்வு செத்துப்போச்சு. இனி செருப்பில்லாம நடக்கப்பிடாது. நாளும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பாக்கணும். தீயில சவிட்டினா கால் போவும்," என்றார். எனக்கு அந்த மனிதர் காலில் விழலாம்போல் இருந்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். மாத்திரைச் சீட்டை எழுதியபடியே, கல்லும் மண்ணும் யாரையும் காக்காது, ஜீவனுள்ள ஒருவரைத் தேடும் என்று ஆரம்பித்தார். மேசை டிராயரைத் திறந்து ஒரு சின்னப் பிரசுரத்தையும் எடுத்துச் சீட்டோடு மடித்துக் கொடுத்தார்.

அப்பா வெளியே வந்து இரண்டையும் சேர்த்தே ஓடையில் போட்டார்.

"கண்டியா? வேதத்தில கூட்டதுக்காக்கும் இவன் சுகருண்ணு சொல்லியது."

"ரத்தத்தில உள்ளதைத்தானே அப்பா அவரு சொன்னாரு!"

"ரத்தம் எனக்க ரத்தம். நோக்கினது அவன்."

எங்கள் ஊரில் மட்டும்தான் சர்க்கரை நோய் மதம் மாற்றும் சூழ்ச்சியாக முடியும். ஒரு வாக்கியம் குறைத்துப் பேசியிருந்தால் ஒரு காலைக் காப்பாற்றியிருக்கக்கூடிய டாக்டர், ஓர் ஆத்துமாவுக்கு ஆசைப்பட்டு இரண்டையும் விட்டார். அவரைப் பற்றி ஊரில் நல்லபடியாகத்தான் சொல்வார்கள். நான் சொல்வதில்லை.

மிச்சமிருந்தது பிரின்சிப்பால். அப்பா இனி அவர் சொன்னால் மட்டுமே கேட்பார் என்று தெரிந்தது. தைப்பூசத்துக்கு முன்னால் அவருடைய அறைக்குப் போனேன். அப்பாவின் இடது உள்ளங்காலில் அப்போது ஒரு புண் இருந்தது. ஆணியோ கண்ணாடிச் சில்லோ ஏறி, அது ஏறியதே தெரியாமல் நடந்து, குழியாகி நீர் வடிந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"சாருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல. அது நரம்பு செத்த காலு. அருளும் இல்ல, ஒரு மண்ணாங்கட்டியும் இல்ல. சாரு ஒரு வார்த்த சொன்னாப் போதும், அப்பா இறங்க மாட்டாரு."

அவர் மறுக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்குத் தெரியாதா டீச்சரே? போன வருஷமே எனக்கு மனசிலாச்சு," என்றார். "ஆனா அது சிலபஸாக்கும், இது விசுவாசம். ரெண்டையும் ஒரே பீரியடில எடுக்கப்பிடாது. நோட்டீஸ் அடிச்சாச்சு. தமிழ்நாட்டுப் பக்கத்தில இருந்தெல்லாம் ஆளு வாறாங்க. இந்த வருஷம் ஒண்ணு நடந்து போட்டு, அடுத்த வருஷம் நாம பைய நிறுத்திடலாம்."

"அடுத்த வருஷம் கால் இருக்கணுமே சார்."

"நல்லதா நினை பிள்ளே," என்றார் அவர். அவருடைய மேசைக்குப் பின்னால் போர்டில் முதல் நாள் வரைந்த நரம்புச் செல் அழியாமல் இருந்தது. ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் எழுதி அம்புக்குறி போட்டிருந்தார், கையெழுத்து முத்துமுத்தாக இருந்தது.

தைப்பூசத்தன்று வாசலில் குறுக்கே நின்று பார்த்தேன். அப்பா என் தோளைப் பிடித்து விலக்கிவிட்டுப் போனார். அழுதது அம்மா, நானல்ல. எனக்குக் கண்ணீர் வருகிற நிலையெல்லாம் தாண்டியிருந்தது. கோயிலுக்கு நான் போகவில்லை. போன அம்மா சொன்னாள். முந்தின தடவை நடந்தது போதாதென்று, கூட்டம் கத்தக் கத்த, ஆழிக்கு நடுவில் நின்று காவடியைச் சுழற்றி ஆடியிருக்கிறார். எல்லாரும் அழுது கும்பிட்டார்களாம்.

பாதம் கறுத்தது. பிறகு நாற்றம் வந்தது. அந்த நாற்றத்திலும் விபூதி வாங்க இரண்டு பேர் வந்தார்கள், மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிப் போனார்கள். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் அவரைத் திருவனந்தபுரத்துக்குத் தூக்கிப் போக முடிந்தது. இடது காலை முட்டுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவர் வீடு திரும்பிய பிறகு கமிட்டியிலிருந்து வந்தார்கள். பிரின்சிப்பாலும், இன்னும் இரண்டு பேரும், ஒரு சீப்பு ஏத்தம்பழமும். எல்லாரும் அப்பாவின் முகத்தையே பார்த்தார்கள், கட்டிலின் கீழ்ப்பாதியை ஒருவரும் பார்க்கவில்லை. அருள் பெற்ற காலை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தால் கோயிலுக்கு என்ன மதிப்பு என்பது அவர்கள் கவலை. அதற்காகச் சோதிடரை வைத்துப் பிரச்னம் பார்த்திருந்தார்கள். பிரின்சிப்பால்தான் தொண்டையைக் கனைத்தார்.

"அருளுக்கு ஒரு குறையும் இல்ல. விரத வீட்டில அசுத்தி வந்திருக்குண்ணாக்கும் பிரச்னத்தில கண்டது."

அசுத்தி என்றால் என்ன என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். அம்மாவுக்கு அந்த வயது கடந்திருந்தது. வீட்டில் வேறு பெண் நான் மட்டும்தான். எல்லாக் கண்ணும் என்மேல் வந்து நின்றது. விரதக் காலத்தில் தூரம் வந்தால் பாலராமபுரத்தில் சித்தி வீட்டுக்குப் போய், தறிச் சத்தத்துக்கு நடுவில் படுத்து எழுந்து, குளித்து முடித்துத்தான் திரும்புவேன். இந்த மடத்தனத்தை வாய்நிறையத் திட்டிக்கொண்டே போவேன், போகாமல் இருந்ததில்லை. அம்மாவுக்கு அது தெரியும். அவள் வாய் திறக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். "ஏ பிள்ளே, உள்ளதைச் சொல்லு. அந்தச் சமயத்தில நீ இஞ்ச இருந்தியா?"

குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் இருந்தது. எனக்கு அப்போது அவருடைய நிலை நன்றாகப் புரிந்தது. நான் இல்லை என்று சொன்னால், அவருக்கு மிஞ்சுவது நான் மணலில் வரைந்த படம்தான். முருகன் அவருடைய எரிச்சலைத் தீர்க்கவில்லை. தீ அவருக்கு வணங்கவில்லை. இரண்டு தைப்பூசத்துக்கும் ஊர் கும்பிட்டது ஒரு செத்த நரம்பை. நாற்காலியும் சாயாவும் அந்த நரம்புக்குக் கிடைத்தவை. நாய் அவிழ்த்துவிடப்பட்ட பழைய சம்மன்காரராக, இப்போது ஒரு காலோடு, அவர் மிச்ச நாளை ஓட்ட வேண்டும்.

எனக்கு அப்போது இரக்கம் வந்தது என்று எழுதினால் நல்லவளாகத் தெரிவேன். வந்தது அருவருப்பு. பிரின்சிப்பால்மேல், அந்த ஏத்தம்பழத்தின்மேல், பேசாமல் நின்ற அம்மாமேல், பெற்ற மகளை விற்று ஒரு பொய்யை வாங்கத் தயாராகப் படுத்திருந்த அந்த மனிதர்மேல். ஆனால் அவர் என் அப்பா. அவருடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

"ஆமாப்பா," என்றேன். "ஒரு நாள் தெரியாம இருந்துபோட்டேன்."

பிரின்சிப்பால் குனிந்து பழத்தின் காம்பைத் திருகிக்கொண்டிருந்தார். நான் பொய் சொல்வது அந்த அறையில் அவருக்குத்தான் மிக நன்றாகத் தெரியும். அப்பாவின் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது. என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டு, தலையில் கை வைத்தார்.

"சாரமில்ல மக்கா, போட்டும். கொச்சுப் பிள்ளையில்லியா நீ. நான் பொறுத்தாச்சு, முருகனும் பொறுப்பான்."

சாகும்வரை அந்தக் குற்றத்தை அவர் ஒருமுறைகூட என்னிடம் சொல்லிக்காட்டவில்லை. அவ்வளவு பெருந்தன்மை அவருக்கு.